மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டேன், நானும் குடிநோயாளியா?

கேள்வி: வயது 43. காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரம், தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. பதினைந்து வருடப் பழக்கம். கட்டிங்கில் ஆரம்பித்து, கடைசி மூன்று வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர். ஐந்து வாரங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தினேன். முதல் மூன்று நாள் கை நடுக்கமும் தூக்கமின்மையும் படுத்தி எடுத்துவிட்டன. இப்போது தினமும் ஒரு மாத்திரை. அதன்மேல் குடித்தால் உடம்பு தாங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது “ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்” என்றார் டாக்டர். (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பாம்.) எங்கள் ஊரில் கூட்டம் கிடையாது. 28 கிலோமீட்டர் தள்ளி, வாரம் ஒரு நாள், சர்ச் வளாகத்தில் நடக்கிறது. ஒருமுறை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன். பேசியவர்கள் எல்லாம் வீட்டை விற்றவர்கள், ரோட்டில் கிடந்தவர்கள். ஒருவர் அழுதார். நான் குடிக்காக ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் வாடைகூடப் பிடிக்காமல் இருப்பேன். (கழற்றிய அன்றே குடித்தேன் என்பதும் உண்மைதான்.) நானும் குடிநோயாளியா? தெரிந்தவர்கள் பார்த்தால் என் கதி என்ன? இது மதம் மாற்றும் இடமோ என்று மாமனார் கேட்கிறார். மாத்திரையே போதுமே, ஊர் விட்டு ஊர் போய் அழுகையைக் கேட்க வேண்டுமா என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்துவைத்த அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கழற்றிய அன்றே குடித்தேன் என்று எழுத மனம் வந்ததே, அது நல்ல அறிகுறி.

முதலில் கணக்கு. நம் கடைகளில் விற்கும் 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீதம். ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு என்றால் 120 கிராம். ஆண்கள் நாளொன்றுக்கு 100 கிராமைத் தாண்டினாலே மிக அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நிறுத்தியதும் மூன்று நாள் கை நடுங்கியிருக்கிறது. லீவு போட்டீர்களா, ரோட்டில் விழுந்தீர்களா என்று இந்த நோய் பார்ப்பதில்லை. உடம்பு பழகிவிட்டதா, அளவு கையை மீறிவிட்டதா, நிறுத்தினால் நிற்கிறதா என்பவைதான் குடிநோய் சிகிச்சையில் இருக்கும் நாங்கள் பார்ப்பவை. குடிநோயாளி என்ற சொல் உறுத்தினால் இப்போதைக்கு அதை ஓரமாக வையுங்கள். கூட்டத்துக்குப் போக அந்தப் பட்டம் தேவையில்லை. மரபுகள் என்று ஏ.ஏ. அழைக்கும் அதன் விதிகளில் மூன்றாவதன்படி, உள்ளே வர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அது உங்களிடம் இருக்கிறது.

இனி மாலைக்கு வருகிறேன். கார்த்திகை தோறும் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. “48 நாள் இருக்க முடிகிறதே சார், அப்போது இது நோயா?” கேட்பவர்கள் தங்கள் மன உறுதிக்கு அத்தாட்சியாகத்தான் அந்த 48 நாளைக் காட்டுகிறார்கள். எனக்கு அது வேறொன்றைக் காட்டுகிறது.

அந்த நாட்களில் உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் குளியல். கறுப்பு வேட்டி. தெருவில் எதிரே வருபவர் பெயர் சொல்லாமல் “சாமி” என்கிறார். டீக்கடைக்காரர் தனி டம்ளரில் தருகிறார். ஆபீஸ் பார்ட்டிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வந்தவனும் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். சாயங்காலம் ஆறு மணிக்கு, வழக்கமாகக் கால் கடைப்பக்கம் திரும்பும் அதே நேரத்தில், பஜனை இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். அவர் பல வருடம் மலைக்குப் போனவர், உங்கள் தடுமாற்றம் எல்லாம் அவர் ஏற்கெனவே தடுமாறியது. முதல்முறை வருபவரைக் கன்னிசாமி என்று எல்லோரும் தாங்குகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், உங்களைத் தாங்கியதில் உங்கள் மன உறுதியின் பங்கு எவ்வளவு, அந்த ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு? மாலையைக் கழற்றியதும் ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. பஜனை இல்லை, குருசாமி தன் கடையைப் பார்க்கப் போய்விட்டார், “சாமி” மறுபடி வெறும் பெயராகிவிட்டது. ஆறு மணி மட்டும் வழக்கம்போல் வருகிறது. அன்றைக்கே நீங்கள் குடித்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஏ.ஏ. கூட்டம் என்பது, கழற்றும் தேதி இல்லாத மாலை மாதிரி ஓர் ஏற்பாடு. நீங்கள் போன அன்று அது உங்களுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், நீங்கள் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள். மேடைக்கச்சேரி கேட்பது போல உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும் பேச்சு அதில் பாதிதான். மீதிப் பாதி, தொடங்குவதற்கு முன் நாற்காலி எடுத்துப் போடும்போதும், முடிந்தபின் டீ கிளாஸோடு வாசலில் நிற்கும்போதும் நடக்கிறது. அங்கேதான் உங்களுக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். அந்தப் பொருள் ஒரு போன் நம்பர்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஏ.ஏ. பிறந்ததே ஒரு போன் காலில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் ஒரு வியாபார விஷயமாக வந்து தோற்றுப்போய், ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் போனும், ஊர் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் போன் பக்கம் போனார். பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைக் காட்டுங்கள் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் தருவேன் என்று சொல்லி வந்த டாக்டர், இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் 10ஆம் தேதி அவர் குடித்ததுதான் அவருடைய கடைசிக் குடி; அந்தத் தேதியையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாக வைத்துக்கொண்டது. இந்தியாவில் 1957 முதல் இருக்கிறது. பில் வில்சன் அன்று போன் செய்தது டாக்டரைக் காப்பாற்ற அல்ல என்பதைக் கவனியுங்கள். தான் குடிக்காமல் இருக்க அவருக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. ஆகவே, ராத்திரி ஒன்பது மணிக்குப் பழைய மெம்பர் ஒருவரைக் கூப்பிட்டால் தொந்தரவாகுமோ என்று தயங்காதீர்கள். நீங்கள் கூப்பிடுவது அவருக்கும் மருந்து.

அடுத்த கூட்டத்துக்கு இப்படிப் போங்கள். இருபது நிமிடம் முன்னால் போய், “இது எனக்கு இரண்டாவது கூட்டம்” என்று யாரிடமாவது சொல்லுங்கள். அதற்குமேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கேயும் கன்னிசாமிக்குத்தான் முதல் மரியாதை. பேசச் சொன்னால் பெயரை மட்டும் சொல்லி, “இன்று கேட்க வந்தேன்” என்று உட்கார்ந்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பை ஒன்று சுற்றி வரும். பத்து ரூபாய் போடலாம், போடாமலும் விடலாம்; புதிதாக வந்தவர் போடாவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. முடிந்ததும் ஓடாதீர்கள். டீ வரும் வரை நின்று, இரண்டு பேரிடம் நம்பர் வாங்குங்கள்.

வாங்கிய நம்பரைப் பத்திரமாக வைத்திருந்து, ஆசை வரும்போது கூப்பிடலாம் என்று நினைத்தால் நடக்காது. அந்த நேரத்தில் விரல் போனுக்குப் போகாது, செருப்புக்குத்தான் போகும். அதனால் ஒன்றுமில்லாத நாட்களில் கூப்பிட்டுப் பழகுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், “சும்மாதான் சார், சாப்பிட்டீங்களா” என்று இரண்டு நிமிடம். ஒரு வாரத்தில் மூன்று முறை இப்படிப் பேசிவிட்டால், நான்காவது முறை நிஜமாகவே தேவைப்படும்போது கூச்சம் இருக்காது. குடிக்கும் ஆசை அலை மாதிரி. ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த அரை மணியைக் கடக்க ஒரு குரல் போதும். நாளடைவில் அவர்களில் ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம். குருசாமி என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவசரம் வேண்டாம், இரண்டு மாதம் கவனித்துவிட்டு, யார் பேச்சு உங்கள் கதையாகப் படுகிறதோ அவரைக் கேளுங்கள்.

அழுதவரைப் பற்றியும், வீட்டை விற்றவர்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஒப்பிட்டுக்கொண்டே கேட்டால் எந்தக் கூட்டத்திலும் உங்களைவிட மோசமானவர் ஒருவர் கிடைப்பார். உடனே மனசு “நமக்கு இது தேவையில்லை” என்று தீர்ப்பு எழுதிவிடும். அவர் வீட்டை விற்றது உங்களுக்கு ஒட்டாது. சரி. ஆனால் பாட்டிலைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் எங்கே ஒளித்தார், காலையில் மனைவி முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சட்டை மாட்டினார், இது கடைசி என்று எத்தனை முறை சொன்னார், இவற்றில் ஒன்றாவது ஒட்டும். எது ஒட்டுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் நியாயமானது. சின்ன ஊர், பள்ளி வேலை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் தினமும் கடை வாசலில் நின்றபோது பார்க்காத கண்களா இனிமேல் பார்க்கப் போகின்றன? உங்கள் ஊருக்குத் தெரியாது என்று நீங்கள் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் வெளியிடாமை ஏ.ஏ.வின் அடிப்படை விதி. அங்கே கேட்டதும் பார்த்ததும் அங்கேயே இருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரை உள்ளே பார்த்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். உங்களைப் பொறுத்தவரை 28 கிலோமீட்டர் ஒரு வசதியும்கூட. ஒரே எச்சரிக்கை: குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுங்கள். போட்டோவும் பள்ளிப் பெயரும் வைத்த நம்பர் என்றால் ரகசியம் அங்கேதான் முதலில் ஒழுகும்.

மாமனாரிடம் சொல்லுங்கள்: சர்ச்சில் நடப்பதற்குக் காரணம், மாலையில் காலியாக, குறைந்த வாடகைக்கு ஓர் அறை அங்கே கிடைக்கிறது என்பதுதான். பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும்கூட நடக்கிறது. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. கூடவே “நாம் புரிந்துகொண்டபடி” என்ற சொற்களும் வருகின்றன. உங்களுக்கு அது ஐயப்பன். எனக்குத் தெரிந்த ஒருவர் கறுப்புச் சட்டைக்காரர், சாமியே இல்லை என்பவர். எனக்கு மேலான சக்தி இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேர்தான் என்று சொல்லிவிட்டு, வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார். பிரார்த்தனை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மாத்திரை விஷயத்தில் உங்கள் மனைவி பாதி சரி. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது டைசல்ஃபிராமாக இருக்க வேண்டும். சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம். இருமல் டானிக் வாங்கினாலும் ஆல்கஹால் உண்டா என்று கடையில் கேளுங்கள். இந்த மாத்திரை கதவுக்குப் பூட்டு. ஆனால் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. விழுங்காமல் விட்டால் முடிந்தது. கூட்டமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. பழைய மெம்பர் யாராவது “மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுவிடு” என்றால், தலையை ஆட்டிவிட்டு டாக்டர் சொல்வதையே கேளுங்கள். மெம்பர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்தப் பிரசுரமே சொல்கிறது. (இதைப் படிக்கும் மனைவிமார்களுக்கு: இந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்காதீர்கள். உயிர் போகலாம்.)

கூட்டம் பலன் தருகிறதா என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வும், அதில் சேர வழிநடத்தும் முறையான சிகிச்சையும், குடியை அறவே விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை. தொடர்ந்து விட்டிருப்பதில் சிலவற்றைவிட மேலாகவும் இருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒருமுறை, அதுவும் கடைசி வரிசையிலிருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. ஆறு கூட்டம் போங்கள், குறைந்தது இரண்டு வெவ்வேறு குழுக்களில். குழுவுக்குக் குழு வாசனை மாறும். ஒன்றில் ஒரே பெரியவர் முக்கால் மணி நேரம் பேசுவார். இன்னொன்றில் சிரிப்பு அதிகமாக இருக்கும்.

வாரம் ஒரு கூட்டம் போதாது என்பது என் கருத்து. சிகிச்சை பெற்ற வார்டில் விசாரியுங்கள். பல போதை மீட்பு வார்டுகளுக்கு ஏ.ஏ. ஆட்கள் வந்து பேசுவார்கள், சுற்றுவட்டாரத்தில் எந்த நாளில் எங்கே கூட்டம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் தேடலாம். தமிழில் ஆன்லைன் கூட்டங்களும் நடக்கின்றன. இடைப்பட்ட நாட்களுக்கு அவை கைகொடுக்கும், கேமராவை அணைத்துவைத்தும் கேட்கலாம். டீ மட்டும் கிடைக்காது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனம் தாங்காத இரவுகளுக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. ஏ.ஏ. எந்த மறுவாழ்வு மையத்தையும் நடத்துவதில்லை. அதன் பெயரைச் சொல்லி யாராவது அட்மிஷன் பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

போகும் நாளில் வயிற்றைக் காயப்போடாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் ஆசை கதவைத் தட்டும். திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு, அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பத்து மணி வரை கடை திறந்திருக்கும். கூட்டம் முடிந்து ஒன்பது மணிக்குத் தனியாக ஸ்டாண்டில் நிற்பதைவிட, அந்தப் பக்கம் வரும் ஒரு மெம்பரின் பைக் பின்னால் ஏறிக்கொள்வது நல்லது.

உங்கள் மனைவியை ஒருமுறை ஓப்பன் மீட்டிங்குக்கு அழைத்துப் போங்கள். குளோஸ்டு மீட்டிங் குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். ஓப்பனில் யாரும் உட்காரலாம், நானும் அதற்குத்தான் போவேன். எந்த வாரம் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழுகையைக் கேட்பானேன் என்று கேட்டவர், அங்கே தன் கதையையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு வாயடைத்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் உண்டு. பதினைந்து வருடம் உங்கள் வாயை மோந்து பார்த்தே களைத்தவருக்கு, அந்த வேலையிலிருந்து ஓய்வுபெற ஓர் இடம் வேண்டாமா?

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால்? அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். திட்ட மாட்டார்கள். நாட்கணக்கை மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கு முறையில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. கணக்குப் போய்விடுமே என்று வெட்கப்பட்டுச் சறுக்கலை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு போனால் போகட்டும், மறைக்காதீர்கள். அந்த ஒருநாள் பல நாளாகி, தினக்குடி திரும்பிவிட்டால் மட்டும், வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி பேதலித்து இல்லாத உருவங்கள் தெரியலாம். கார்த்திகை முதல் வாரத்தில் கழுத்தில் மாலையோடும் வாயில் நுரையோடும் தூக்கிவரப்பட்டவர்களைப் பார்த்தவன் நான். சாமிக்காகவே நிறுத்தினாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

வரும் கார்த்திகையிலும் மாலை போடுங்கள், தாராளமாக. சாயங்கால பஜனையும் வாராந்தரக் கூட்டமும் ஒரே நாளில் வந்தால், குருசாமியிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். மலைக்கு டிக்கெட் எடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். திரும்பி வந்து மாலை கழற்றும் நாள், உங்கள் குழு கூடும் நாளாக இருக்கட்டும். காலையில் கழற்றிவிட்டு, சாயங்காலம் அந்த 28 கிலோமீட்டர் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அரவணை டின் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், டீக்குத் தொட்டுக்கொள்ள நன்றாயிருக்கும்.